உங்கள் ஊர்க் கார் நம் தெரு மேட்டைத் தாண்டிய கதை

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எப்போதும் நினைப்பு. போன வாரம் போனில் பேசியபோது வீட்டில் என்ன சத்தத்தையே காணோம் என்று கேட்டாய், டிவி ரிப்பேர் என்று ஒரு பொய் சொல்லிவைத்தேன். டிவிக்கு ஒரு கேடும் இல்லை. அப்போது அப்பாவும் தங்கையும் நாலு நாளாகப் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள், அதுதான் விஷயம். இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதால் துணிந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் நூறு கேள்வி கேட்டு என்னை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடுவாய், கடிதம் என்றால் கடைசி வரை வாயை மூடிக்கொண்டு கேட்டுத்தானே ஆக வேண்டும்.

உன் தங்கை வேலைக்குச் சேர்ந்த கார் ஷோரூமைப் பற்றி முன்னமே சொல்லியிருக்கிறேன். நீ இருக்கிற நாட்டில் தெருவுக்கு நாலு நிற்கும் என்று சொன்னாயே அதே காரின் கம்பெனிக்காரர்கள் இந்த நாட்டில் தங்களுடைய முதல் கடையை நம் தெருக்கோடியில், பழைய மரக்கடை இருந்த இடத்தில் திறந்தார்கள். சுவரெல்லாம் கண்ணாடி, தரையில் குனிந்து பார்த்தால் நம் முகம் தெரிகிறது, குடிக்கத் தண்ணீர் கேட்டால் அதைக்கூடத் தட்டில் வைத்துத்தான் நீட்டுகிறார்கள். ஆறு மாதம் தற்காலிகம், அதற்குள் ஒரு காரையாவது விற்று வாங்கியவரிடம் ஒப்படைத்துவிட்டால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் போய்வா என்று சொல்லிவிடுவார்கள். ஐந்து மாதம் ஈ ஓட்டினாள். ஆறாவது மாதம் என்னைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனவள் அந்தக் கண் டாக்டர் அம்மாவுக்கே ஒரு காரை விற்றுவிட்டு வந்தாள். இந்த வாய் யாருடையது என்று நீ கேட்காதே, எனக்கே தெரியும்.

வந்த கார்களையெல்லாம் பெரிய லாரியில் ஏற்றிவந்து நேரே கடைக்குள் இறக்கியிருக்கிறார்கள். ஒரு கார்கூட அதுவரை நம் தெருவில் தன் காலால் நடந்ததில்லை. டெலிவரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஓட்டிப் பார்க்கலாம் என்று மேனேஜரும் உன் தங்கையும் இன்னும் மூன்று பேரும் ஏறிக்கொண்டு ஜம்மென்று வந்தார்கள். நம் வீட்டு வாசலில் இருக்கும் வேகத்தடையில் ஏறியதும் அடிவயிற்றில் கரகரவென்று ஒரு சத்தம், நான் உள்ளே அடுப்படியில் இருந்தவள் வெளியே ஓடிவந்தேன். வண்டி அவ்வளவு தாழ்வு. அந்த நாட்டுச் சாலைகள் வழவழவென்று இருக்கும்போல, இப்படி ஒரு மேடு குறுக்கே படுத்திருக்கும் என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை. மறுபக்கம் போகலாம் என்றால் பள்ளிக்கூட மதில். பெரிய சாலைக்குப் போக நம் வாசலை விட்டால் வழியில்லை. மேனேஜர் நகராட்சிக்கு ஓடினார். ஒரே மனிதர் கொடுத்த மனுக்களால் போட்ட மேடு அது, அவரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ஒரே நாளில் எடுத்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு மனிதர் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா.

உன்னைத் தண்ணீர் லாரி தட்டிவிட்டபோது உனக்கு எட்டு வயது, மோவாயில் மூன்று தையல். அன்றைக்கு ஆரம்பித்த அப்பா பதினோரு மனு எழுதினார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் எழுதிய மனு, ஒரு கமா இடம் மாறியிருக்காது. மேடு வந்த பிறகு தெருவில் மேட்டுக்காரர் என்றே பெயராகிவிட்டது, அதில் அவருக்கு உள்ளூரப் பெருமையும்தான். அவரிடம் போய் மேனேஜர் ஒரு டைப் அடித்த கடிதத்தை நீட்டி இதில் கையெழுத்துப் போடுங்கள் சார் என்றால் என்ன நடக்கும். சிவப்புப் பேனாவை எடுத்து ஏழு பிழையைத் திருத்தி, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார். அந்த மனிதர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அன்றைக்குப் பேச்சு நின்றது. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் என்னிடம் பேசுவார்கள். அவருக்கு மேடு பெருசா மக பெருசான்னு கேட்டுச் சொல்லும்மா என்பாள் இவள். எனக்கு ரெண்டு மகளும்தான் பெருசு, அதனாலதான் அந்த மேடு, அவகிட்ட சொல்லு என்பார் அவர். நடுவில் நான் தபால்காரி. இவளோ ராத்திரி சரியாகச் சாப்பிடாமல் படுத்துவிடுகிறாள், அவர் பேப்பரைத் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம், இரண்டு பேர் பக்கமும் நியாயம். நீ பக்கத்தில் இருந்தால் ஒரு அதட்டு போட்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன்.

வியாழக்கிழமை காலை டெலிவரி. உங்கள் ஊரிலிருந்து கார் கம்பெனியின் பெரிய அதிகாரி வேறு விமானம் ஏறி வந்துவிட்டார், ஆள் நிலைவாசல் உயரம், இந்த வெயிலிலும் கோட்டு. பேசாமல் காரை லாரியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம் என்று மேனேஜர் சொன்னதற்கு, லாரில ஏத்தி வேடிக்கை பார்க்கவா நான் காரு வாங்கினேன், நானேதான் ஓட்டுவேன் என்று டாக்டர் அம்மா சாவியைப் பிடுங்கிக்கொண்டார்களாம். அவர்கள் ஓட்ட, அவர்கள் வீட்டுக்காரர், அதிகாரி, மேனேஜர், உன் தங்கை என்று வண்டி நிறைய ஆள். மேட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. தெருவே கூடிவிட்டது, பள்ளிக்கூட ஜன்னல் எல்லாம் பிள்ளைகள் தலை. அப்பா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு சட்டைப் பையில் கையை வைப்பதும் எடுப்பதுமாக நிற்கிறார். கண்ணாடிக்குள் உன் தங்கை முகம், அழுதுவிடுவாள்போல இருந்தது. நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். யோசித்தெல்லாம் சொல்லவில்லை, பழக்கம் கண்ணு. அப்பாவின் பழைய ஸ்கூட்டரில் நாலு பேரும் போகும்போது அந்த மேடு வந்தால் நானும் நீங்கள் இரண்டு பேரும் இறங்கி நடப்போமே, அந்த ஞாபகத்தில் வாய் தானாகக் கத்திவிட்டது. ஓட்டுறவங்க மட்டும் இருங்க, மத்தவங்கல்லாம் இறங்கி நடங்க, பாரம் குறைஞ்சா வண்டி தானா ஏறும் என்றேன்.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். உன் தங்கை அதிகாரியிடம் அதை எப்படி மொழிபெயர்த்தாளோ தெரியாது, அந்த மனிதர் முதல் ஆளாகக் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, மேட்டருகில் முழங்காலிட்டுக் கன்னத்தைத் தரையோடு வைத்துக் காரின் அடியைப் பார்த்தார். கோட்டெல்லாம் புழுதி. எல்லோரும் இறங்கினார்கள். டாக்டர் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏற்றி இறக்கினார்கள், ஒரு சத்தம் இல்லை. இரண்டு விரல் இடைவெளி இருந்ததாம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கூச்சல் உனக்கே கேட்டிருக்கும். இறங்கினவர்கள் அந்தப் பக்கம் நடந்துபோய் ஏறிக்கொண்டார்கள். எங்க வீட்டு ஸ்கூட்டருக்கும் இதே கதைதான் என்று டாக்டர் அம்மா என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார்கள். அன்று மாலையே உன் தங்கைக்கு வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது. இந்த நாட்டுக்கு அனுப்பும் கார்களை இனிமேல் உயர்த்திக் கட்டச் சொல்லி எழுதப்போவதாக அதிகாரி சொன்னாராம். அதுவரை வண்டி வெளியே போகும்போது ஓட்டுகிறவர் மட்டும் இருக்க வேண்டும் என்று ஷோரூம் வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்கள். அப்பா போய்ப் பார்த்துவிட்டு இரண்டு பிழை என்று வந்தார். சரி நீங்களே திருத்திக் குடுங்கப்பா என்று இவள் நேராகவே சொன்னாள், நான் அன்றோடு தபால் வேலையை விட்டேன்.

இனிமேல் எழுதுவது உனக்கு மட்டும். மறுநாள் துணி ஊறவைக்கும்போது அப்பாவின் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. அவர் கையெழுத்தில் நகராட்சிக்கு ஒரு மனு, பன்னிரண்டாவது. டெலிவரிக்கு முந்தின நாள் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். மேட்டை எடுத்துவிடத் தமக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் அதே இடத்தில் தினமும் தாமே நின்று வண்டிகளை நிறுத்த அனுமதி வேண்டும், சம்பளம் வேண்டாம், கொடி தம்முடையது என்று எழுதியிருக்கிறார். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாத மனிதர். என் சிவப்புத் தலையணை உறையைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தேன், பீரோவுக்குப் பின்னால் ஒரு கம்பில் கட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன், சந்தோஷமாகத்தான் அழுதேன்.

காகிதத்தைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை, இங்கே வைத்தால் உன் தங்கை கண்ணில் பட்டுவிடும், அதனால் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் பல்லாண்டு நன்றாக இருக்க வேண்டும், குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. போனில் அப்பாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. கம்பிலிருந்து அவிழ்த்து, துவைத்து, அந்த உறையை அவர் தலையணைக்கே போட்டுவிட்டேன். இரண்டு நாளாக அதில்தான் படுக்கிறார், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா