தொப்புளுக்கும் முழங்காலுக்கும் நடுவில்

மார்ச் 3, திங்கள்

ஆண்கள் அறுவை வார்டில் முதல் நாள். தலை முதல் கால் வரை பார்த்து எழுதணும் என்று டியூட்டர் மேடம் கட்டளை. தலை, கண், வாய், மார்பு, வயிறு... தொப்புள் வந்ததும் எங்கள் பேட்ச் மொத்தமும் ஒரே தாவல். அடுத்து முழங்கால்தான். நடுவில் இருப்பதற்கு "இயல்பு" என்று எழுதிவிடுவோம். சீனியர்கள் காட்டிய வழி. என் ரூம்மேட் ஒட்டடைக்குச்சி (ஆள் அவ்வளவு ஒல்லி) சொல்கிறாள்: "போர்வைக்குக் கீழ எல்லாருமே இயல்புதான்டி. மீதியைக் கடவுள் பாத்துப்பார்." சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

எனக்குக் கொடுத்த நோயாளி ஒரு கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்திருக்கிறது. நாளை ஆபரேஷன். பயமா இருக்கா அண்ணே என்றேன். "எனக்கென்னம்மா பயம்? நாங்க தினம் கம்பி கட்டுறவங்க. டாக்டர் ஒழுங்கா கட்டுவாரான்னுதான் கவலை." நல்ல மனுஷன்.

மார்ச் 4, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. முதுகில் ஊசி போட்டதால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்க் கிடந்தார். பார்த்து எழுதினேன். எல்லாம் இயல்பு.

மார்ச் 5, புதன்

அடிச்சுட்டான். என்னை. வாயிலேயே.

படுக்கை ஈரமாக இருந்தது, விரிப்பு மாற்றப் போனேன். கண்ணெல்லாம் சிவந்து, உடம்பு வேர்த்து, இடுப்புத் துணியைப் பிய்த்துக்கொண்டு ஏதேதோ உளறிக்கொண்டிருந்தான். திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தான். ச்சீ! கையை உதறினேன். அடுத்த நொடி ஒரு குத்து. கீழுதடு கிழிந்து கோட்டெல்லாம் ரத்தம்.

நான் என்ன லேசுப்பட்டவளா? பளாரென்று கன்னத்தில் ஒன்று விட்டேன். நோயாளியை. மூன்றாம் வருஷ நர்சிங் மாணவி.

வார்டு ஆட்கள் இரண்டு பேர் ஓடி வந்து அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தார்கள். கைகளைப் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு இறுக்கினார்கள். ஒருத்தன் போகிற போக்கில் விலாவில் ஓர் இடி. "இன்னும் நல்லா இறுக்குங்க"ன்னு கத்தினது நான்தான்.

"குடிகாரப் பய. சரக்கு கிடைக்கலன்னா இப்படித்தான் பேய் புடிக்கும்" என்றார் வார்டு சிஸ்டர்.

வாசலில் அவன் மனைவி அழுதாள். "அவர் குடியை விட்டுப் பல வருஷம் ஆச்சும்மா. வீட்ல ஒரு அதட்டல் போட மாட்டார்."

"எல்லாப் பொண்டாட்டியும் இதைத்தான் சொல்லுவாங்க. போம்மா."

சிஸ்டர் சரியாத்தான் சொன்னார். உதட்டில் தையல் போட்டிருக்கு, வாயைத் திறக்க முடியவில்லை, கஞ்சிகூட எரிகிறது. கிடக்கட்டும் கட்டிலோடு.

மார்ச் 6, வியாழன்

எழுதித்தான் ஆகணும்.

மதியம் அவனை மனநல மருத்துவமனைக்கு அனுப்புவதாக முடிவு. வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. மயக்க ஊசி போட்டும் அடங்கவில்லை. கம்பியில் தலையை முட்டி முட்டி நெற்றி பிளந்திருந்தது. துணி இறுக்கியதில் மணிக்கட்டு நீலம். விரிப்பு மறுபடி ஈரம்.

ஆனால் உள்ளங்கை அளவுதான் ஈரம். நேற்றும் அவ்வளவுதான். "படுக்கையிலேயே போறான்"னு எல்லாருமே சொன்னோம், நானும் சொன்னேன். பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏற்றினோமே, அதெல்லாம் எங்கே போச்சு?

நேற்று என் கையை இழுத்தானே, எங்கே இழுத்தான்? நான் நினைத்த இடத்துக்கு இல்லை. அடிவயிற்றுக்கு. ஐயோ. அந்த மனுஷன் காட்டியிருக்கார். வாய் குழறினதால கையைப் புடிச்சுக் காட்டியிருக்கார். அதுக்கு நான் அறைஞ்சேன்.

போர்வையை உருவினேன். "ஏய், வெக்கம் கெட்டவளே, என்னடி பண்ற?" என்று சிஸ்டர் கத்தினார். கொத்தனார் என் முகத்தில் துப்பினார். நல்ல காலால் வயிற்றில் ஓர் உதை விட்டார், போய்ச் சுவரில் விழுந்தேன். எழுந்து வந்து கை வைத்தேன். தொப்புள் வரைக்கும் கல்லு மாதிரி. லேசாகத் தொட்டதற்கே வார்டு அதிர அலறினார்.

"முதுகு ஊசிக்கப்புறம் மூத்திரம் அடைச்சிருக்கு! குடி இல்ல, ஒண்ணும் இல்ல, மூத்திரம்!" டாக்டரை நான் கூப்பிடவில்லை, காட்டுக்கத்தல் கத்தினேன். வந்ததும் என்னைத்தான் திட்டினார். பிறகு வயிற்றில் கை வைத்தார். உடனே சிறுநீர்க் குழாய் கேட்டார். குழாய் போட்டதும் ஒரு பேசின் நிறைந்தது, அடுத்ததும் பாதிக்கு மேல். கடைசியில் ரத்தம் கலந்து வந்தது. அலறல் முனகலாகி, அப்படியே தூங்கிப்போனார். வந்த வண்டி திரும்பிப் போனது.

மனைவி உள்ளே வந்தாள். பேசினைப் பார்த்தாள், கைக் கட்டைப் பார்த்தாள். "இதுக்கா கட்டிப் போட்டீங்க? இதுக்கா பைத்தியம்னீங்க?" கேட்டுக்கொண்டே வந்து என் கொண்டையைப் பிடித்தாள். "நீதானே அறைஞ்சே? வாசல்லேர்ந்து பாத்தேன்டி!" தையல் போட்ட அதே உதட்டில் அடித்தாள். தையல் விட்டுப்போச்சு. நான் கை ஓங்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

தெளிந்துவிட்டார். எதுவும் நினைவில்லை. "கை ஏம்மா வீங்கியிருக்கு?" என்று எல்லாரையும் கேட்கிறார். ஆளாளுக்கு வேறு கட்டிலுக்கு நகர்கிறோம்.

நான் பக்கத்தில் வரக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். "அந்தம்மா புகார் குடுத்தா உன் படிப்பு அவ்வளவுதான்" என்றார் டியூட்டர். கண்டுபிடித்ததற்கு ஒரு வார்த்தை இல்லை. நானும் எதிர்பார்க்கல. அறைஞ்ச கை இதுதானே.

மார்ச் 8, சனி

தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். ஒட்டடை இரண்டு தட்டும் சாப்பிட்டாள். எங்கேதான் போகுதோ.

மார்ச் 10, திங்கள்

காலையில் அவருக்குக் குழாயை எடுத்தார்கள். தானாகப் போகிறாரா, அடிவயிறு காலியாகிறதா என்று பார்க்கணும். சிஸ்டர் ஒட்டடையை அனுப்பினார். நான் வார்டின் மறுகோடியில் தலையணை உறை மாட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டடை அவர் மார்பைப் பார்த்தாள், தொப்புள் வரை வந்தாள், நின்றாள்.

"நீ போம்மா" என்றாள் மனைவி. "அந்த வாய் கிழிஞ்சவளைக் கூப்பிடு."

"அவ உங்க வீட்டுக்காரரை அறைஞ்சவம்மா" என்றார் சிஸ்டர்.

"தெரியும். அதுக்கு நானும் குடுத்துட்டேன். இத்தனை பேர்ல கை வெச்சுப் பாத்தவளும் அவ ஒருத்திதான். அவளே வரட்டும்."

போனேன். "அண்ணே, போர்வையை எடுக்கணும். பாக்கலாமா?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாரும்மா."

மற்ற கட்டில்காரர்கள் பார்க்காதபடி மனைவி போர்வையைத் திரையாகத் தூக்கிப் பிடித்தாள். கை வைத்தேன். வயிறு மெத்தென்று இருந்தது.