முந்நூற்று அறுபதில் நாற்பத்தொன்று

3.2.1987
எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல, பக்கத்து அறை தங்கத்தாய் எழுதுகிறாள்.

பம்பாயில் எங்கள் செருப்புப் பட்டறைக்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எந்தக் கடைக்கு எந்த அச்சு, என்ன நிறம் — முப்பது வருடமாக என்னைத்தான் கேட்பார்கள். இங்கேயே பிறந்து இந்தியில் படித்த மகன் நஜிமுதீன், "வாப்பா, எல்லாத்தையும் சொல்லிருங்க, மன்சூர் அலி கம்ப்யூட்டர்ல அடிச்சிருவாரு" என்றான்.

4.2
மன்சூர் அலி செம்பூர்க்காரர். கறுப்பாக, சதுரமாக ஒரு பிளாப்பியைக் காட்டினார். ஓர் எழுத்துக்கு ஒரு பைட். ஆயிரத்து இருபத்து நாலு பைட் ஒரு கே.பி. பிளாப்பியில் 360 கே.பி. பிடிக்கும்.

"அப்ப மூணு லட்சத்து அறுபதாயிரம் எழுத்து" என்றான் நஜிமுதீன்.

"மூணு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்து அறுநூத்து நாப்பதுலே" என்றேன் நான்.

மன்சூர் பெருக்கிப் பார்த்துத் தலையாட்டினார். வேலையாட்கள் சிரித்தார்கள். நஜிமுதீன் எழுந்து வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகுதான் மன்சூர் சொன்னார்: "காந்தம் பக்கத்துல வந்துரக் கூடாது சாச்சா. எல்லாம் அழிஞ்சிரும்."

9.2
தொண்டை கட்டிவிட்டது. இன்னும் தொண்ணூறு கடை.

13.2
முடிந்தது. இருநூற்றுப் பதினாலு கடை, நாற்பத்தோரு கே.பி.

நஜிமுதீன் எல்லார் முன்னாலும் சொன்னான்: "எங்க வாப்பா மண்டை மொத்தமும் இதுல ஒம்போதுல ஒரு பங்கு. மிச்சம் காலி."

இவ்வளவுதானா நான்?

நகல் ஒன்று எடுத்து வைக்கச் சொன்னார் மன்சூர். "அதே பிளாப்பில போடுங்க, எடம் கெடக்குல்லா" என்றான் நஜிமுதீன். இப்போது எண்பத்திரண்டு. ஒன்று அழிந்தால் இரண்டும் அழியும் என்று எனக்குத் தெரிந்தது.

14.2
என் நாற்காலியில் மன்சூரின் பை. என் கையில் காந்தக்கட்டி — தரையில் சிந்திய ஆணியை எடுக்க. "சும்மா இருக்காதீங்க வாப்பா" என்றான். சும்மாவா இருந்தேன் முப்பது வருசம்?

18.2
வேலை முடிந்ததும் காந்தத்தை மேசையில் வைக்கச் சொன்னது அவன்தான். மேசையில் எங்கே என்று சொல்லவில்லை. பிளாப்பியின் மேல் வைத்தேன்.

19.2
கம்ப்யூட்டர் ஒன்றும் வாசிக்கவில்லை. இரண்டு நகலும் போய்விட்டன.

21.2
நஜிமுதீன் தரையில், ஆணிகளுக்கு நடுவில், என் பக்கத்தில் உட்கார்ந்தான். "இன்னொரு தடவ சொல்லுங்க வாப்பா. பெருநாள் சரக்கு நிக்கி. கடை கடையா போயி என்னன்னு கேப்பேன்?"

"மறந்துட்டுலே. காலி மண்டைதான?"

அழுதான். நான் குனிந்து ஆணி எடுத்தேன்.

நாற்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு எழுத்து. ஒன்று குறையாமல் என் மண்டையில் இருக்கிறது.

தங்கத்தாய் பேனாவை நிறுத்துகிறாள். "மாமா, இதையுமா எழுத? அவுக பாத்துட்டா?"

எழுது தாயி. அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது.