இருநூற்று ஐம்பத்தாறுக்குள்

மார்ச் 4
மையப் பகுதி இன்று 251 எம்பி. நானும் அண்ணனும் ஒன்பது வருடமாகக் கட்டிவரும் குட்டி லினக்ஸ் இயங்குதளம் இது. பென் டிரைவிலிருந்தே ஓடும். எந்தப் பழைய கணினியிலும் செருகலாம். பழைய கணினிகளின் சின்ன நினைவகத்தில் அடங்க வேண்டும், அதனால் 256-ஐத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அதை அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி என் மேசைக்கு மேலே ஒட்டியதே அண்ணன்தான். எதையும் மூன்று முறை அளந்து பார்க்கிற ஆள். மையத்தில் இடம் கிடைக்காததெல்லாம் தனித்தனி மாட்யூல். தொடங்கியதும் வரும் பட்டியலில் டிக் அடித்தால் சேர்ந்துகொள்ளும்.

இப்போது சட்டம் போட்டவனே மீறச் சொல்கிறான். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலை மையத்துக்குள் வைக்க வேண்டுமாம். 22 எம்பி!

மார்ச் 9
போனில் அண்ணனோடு சண்டை.

"குரல் தேவைப்படுறவன் உன் பட்டியலை எப்படிப் பார்ப்பான்?"

"பக்கத்துல யாராவது இருப்பாங்கல்ல, டிக் பண்ணிக் கொடுக்கட்டும். ஆளாளுக்கு ஒண்ணு கேட்டா நான் எங்கே போறது?"

பிறகு "சரி, உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டான். ஜெயித்துவிட்டேன்.

மார்ச் 12
253. வெளியிட்டாயிற்று. வழக்கமாக முதல் ஆளாக இறக்கிப் பார்த்துக் குறை சொல்வான். இந்த முறை மூச்சுப் பேச்சில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்போல.

ஏப்ரல் 2
அண்ணி போன் செய்தார். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார். என்னால முடியலம்மா."

கண் நரம்பு. ஒரு வருடமாகவே மங்கிக்கொண்டிருந்ததாம். இப்போது வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் தெரிகிறதாம். ஒரு வருடம் — அப்போ அந்தச் சண்டை —

போன மாதம் ஒருநாள், அண்ணி வேலைக்குப் போன பிறகு, புது வெளியீடு இருந்த எங்கள் பென் டிரைவைச் செருகி உட்கார்ந்திருக்கிறான். பதினாலாவது வரியில் குரல் இருக்கும் என்று ஞாபகம். கீழ் அம்பை எண்ணி எண்ணி அழுத்தியிருக்கிறான். பட்டியலை இந்த வெளியீட்டில் அகர வரிசைக்கு மாற்றியது நான். அவனுக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் அண்ணி வந்தபோதும் அதே நாற்காலியில் இருந்தானாம். "பக்கத்துல யாராவது இருப்பாங்கன்னு தங்கச்சி சொன்னா" என்று மட்டும் சொன்னானாம்.

நானெல்லாம் என்ன மனுஷி? யாருக்காக மிச்சம் பிடிச்சேன் அந்த இருபத்திரண்டை?

ஏப்ரல் 3
எழுத முடியவில்லை.

ஏப்ரல் 16
குரல் மையத்துக்குள் வந்துவிட்டது. 275. பின்னணிப் படங்கள், இரண்டு விளையாட்டுகள், எனக்குப் பிடித்த எழுத்துருக்கள் எல்லாவற்றையும் மாட்யூலுக்குத் தள்ளினேன். 268. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. நினைவகம் குறைந்த பழைய கணினிக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். அட்டையைக் கழற்றிவிட்டேன். கிழிக்க மனம் வரவில்லை, அவன் கையெழுத்து.

ஏப்ரல் 18
புதியதைப் பென் டிரைவில் போட்டு அண்ணன் வீட்டுக்கு நேரில் கொண்டுபோனேன். அவன் கணினி ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தது. வேறு யாரோ செய்த லினக்ஸ், நான்கு ஜிபி.

"யானை சைஸ்தான். ஆனா செருகினதும் பேசுது" என்றான்.

"மன்னிச்சிடுண்ணா."

"சே, அழாதே. இதுக்குப் பழகிட்டேன், அவ்வளவுதான்."

நான் கொடுத்ததை வாங்கி, விரலால் ஒருமுறை தடவிவிட்டு, இழுப்பறையில் போட்டு மூடினான். அண்ணி கொடுத்த காபியைக் குடித்தேனா என்றுகூட நினைவில்லை.

மே 7
பயனர்கள் எழுதும் முகவரிக்கு இன்று ஒரு அஞ்சல்.

"பராமரிப்பாளருக்கு வணக்கம். புதிய வெளியீட்டில் குரல் தொடங்கப் பதினோரு விநாடி ஆகிறது. மூன்று முறை அளந்தேன். அதுவரை இயந்திரம் ஓடுகிறதா இல்லையா என்று தெரிவதில்லை. ஆரம்பத்தில் ஒரு பீப் சத்தம் வைக்க முடியுமா? இடம் பிடிக்காது. இப்படிக்கு, ஒரு பயனர்."

இழுப்பறையிலிருந்து எடுத்திருக்கிறான்.

பீப் வைத்தேன். 268 அப்படியே இருக்கிறது. பதிலில் 'அண்ணா' என்று தொடங்கினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தேன். 'அன்புள்ள பயனருக்கு, சேர்த்துவிட்டேன், நன்றி' என்று எழுதி அனுப்பினேன்.