வேகம் குறைந்த பிறகு

செவ்வாய்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கிளினிக்கில் காய்ச்சல் கூட்டம்.
என் கணவர் இளங்கோவின் நம்பரைப் பற்றி என் போனுக்கு மறுபடி மெசேஜ்: இன்றைய அதிவேக டேட்டா தீர்ந்தது, இனி வேகம் குறையும். அவர் இறந்து வருஷம் திரும்பப் போகிறது. பேங்க் ஓ.டி.பி.க்கான நம்பர் போய்விடக் கூடாதென்று நான்தான் ரீசார்ஜ் போடுகிறேன். போன் விழுப்புரத்தில், அவர் அம்மாவின் பீரோவில் அணைந்து கிடக்கிறது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

புதன்
கேஸ் புக் பண்ண வேண்டும். தலைவலி.
மொபைல் கடை அண்ணனிடம் கேட்டேன். அன்லிமிடெட் என்றால் நெட் நிற்காது, அவ்வளவுதானாம். தினமும் கொஞ்சம்தான் வேகமான டேட்டா. தீர்ந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். மெசேஜ் போகும், வீடியோ நின்று நின்று வரும். மறுநாள் பழையபடி. போன் சும்மா கிடந்தாலும் தீருமா என்றேன்.
"சும்மா கெடந்தா தீராதும்மா. யாரோ வீடியோ பாத்துக்கினு இருக்காங்க."
அந்த நம்பருக்கு அடித்தேன். எடுத்தார்கள். பேச்சில்லை. மூச்சு மட்டும். கட்.


வெள்ளி
லீவு சொல்லிவிட்டு விழுப்புரம். திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி வரை நின்றுகொண்டே.
அத்தை வீட்டில் பட்டப்பகலில் ஜன்னலெல்லாம் சாத்தி. சொம்பில் சாய்த்து வைத்த போன். திரையில் இளங்கோ, பைக் துடைத்துக்கொண்டு. போனில் இடமில்லை என்று நெட்டில் ஏற்றி வைத்த பழைய வீடியோ. பாதியில் நின்றிருந்தது. முகத்தின் மேல் வட்டம் சுற்றிக்கொண்டே.
அன்றைக்கு ஏன் பேசவில்லை என்று கேட்டேன். நான் கூப்பிட்டதும் திரையிலிருந்து அவன் மறைந்துவிட்டானாம், அதனால் கட் பண்ணினாராம்.
பெரிய பிளானாகப் போட்டுத் தருகிறேன், நிற்காமல் ஓடும் என்றேன்.
"வேணாம்மா. ஓடறப்போ அவன் வேற எங்கியோ பாத்துக்கினு இருக்கான். நின்னாதான் என்னைப் பாக்கறான்."
நான் உள்ளே வந்தபோது இளங்கோவின் கண் பைக்கின் மேல் இருந்தது. நின்ற படம்தான். கிளம்பும்போது அத்தையின் பக்கம். மெதுவாகவேனும் நெட் வந்துகொண்டுதானே இருக்கிறது, கொஞ்சம் நகர்ந்திருக்கும். பஸ் முழுக்க இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு
வெயில். துணி துவைத்தாயிற்று. சமைக்கவில்லை.
இளங்கோவின் கணக்கை என் போனில் திறந்தேன். அந்த வீடியோவை ஒரே ஒரு தடவை பார்க்கத்தான். மத்தியானமே என் டேட்டாவும் தீர்ந்துவிட்டது. நின்றுவிட்டார். ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.
இன்னும் என் பக்கம் திரும்பவில்லை.