ஓடைப் பாலத்தில் சொன்ன ‘வாரேன்’

பசுமலை, மதுரை
5 பிப்ரவரி 2025

அன்புள்ள திவ்யாவுக்கு,

ஹெப்சிபா எழுதுகிறேன். சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனால் அதைக் கேட்பதற்கு நீ போனை எடுத்திருந்தால் நான் ஏன் தபால் பெட்டியைத் தேடிப் போகிறேன்? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடிக்கிறேன். முதலில் மணி போனது, எடுக்கவில்லை. பிறகு மணியே போகவில்லை. தோழியோடு சண்டை வந்தால் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான் பிளாக் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். திருமங்கலத்தில் உரக்கடை நடத்துகிற, நாற்பது வயதைத் தாண்டிய பெண்ணும் செய்கிறாள். செய்துகொள். தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாது.

நான் என்னடி தப்பு செய்தேன்? சனிக்கிழமை என் பங்குக்கு நான் பட்டதைக் கொஞ்சம் நினைத்துப் பார். நம் இருவருக்குமே முதுகில் பை மாட்டி நடப்பது அதுதான் முதல் தடவை. மே மாதம் பெண்கள் குழுவோடு இமயமலைக்குப் போகப் பெயர் கொடுத்திருக்கிறோம், அதற்கு ஒரு ஒத்திகையாக எழுமலையிலிருந்து மலையடிவாரம் வரை நடந்து, உன் பெரியப்பா மகன் தோப்பில் டென்ட் போட்டுத் தங்கிவிட்டு மறுநாள் திரும்பலாம் என்றாய். நானும் ஞாயிறு ஆராதனையை விட்டுவிட்டு வந்தேன்.

நீ சுமந்து வந்த பையை எழுமலை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோதே எனக்கு மயக்கம் வந்தது. குக்கர், பொன்னி அரிசி, சாம்பார் பொடி, அதற்கு மேலே ஒரு தேங்காய். தென்னந்தோப்புக்குத் தேங்காய் தூக்கிக்கொண்டு போன ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய். நான் மட்டும் என்ன ஒழுங்கு? முந்தின நாள் வாங்கிய ஷூவை முந்தின நாளே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். குடை, பைபிள், இஸ்திரி போட்ட ஒரு சேலை. எதற்குச் சேலை என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று தண்ணீர் முழுவதையும் என் பையிலும் சாப்பாடு முழுவதையும் உன் பையிலும் வைத்தோமே, எந்தப் புத்திசாலி சொன்னது அதை?

விடியற்காலையில் நடக்க வேண்டியவர்கள் உச்சி வெயிலில் நடந்தோம். உன் போன் காட்டிய குறுக்குப் பாதை யாருடைய ஆட்டுப்பட்டிக்குள்ளோ கொண்டுபோய் விட்டது. அங்கிருந்த அம்மா, “ஆடு வாங்க வந்தீகளா?” என்று கேட்டதற்கு நீ அவர்மேல் கோபப்பட்டாய். அவர் பாவம் என்ன செய்வார்?

ஓடைப் பாலத்துக்கு வரும்போது என் குதிகாலில் தோல் இல்லை. ஒரு சாக்ஸைக் கழற்றிப் பார்த்தேன், அப்புறம் பார்க்கவே தைரியம் இல்லை. தூரத்தில் மினிபஸ் ஹாரன் கேட்டது. நீ எனக்கு முன்னால் வளைவு திரும்பப் போனாய். சத்தமாகத்தான் சொன்னேன்: “திவ்யா, நான் வாரேன்டி.” நீயும், “சரிடி, வா” என்றாய். மினிபஸ் ஏறி உசிலம்பட்டி, அங்கிருந்து காளவாசல். காளவாசலில் ஆட்டோக்காரர் என் பையைப் பார்த்துவிட்டு, “அக்கா, காசிக்கா போயிட்டு வாரீங்க?” என்றார். பஸ்ஸிலிருந்து உனக்கு இரண்டு தடவை போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப்.

சொல்லிவிட்டு வந்த என்மேல் என்ன கோபம்? டென்ட் கம்பி வேறு என்னிடம் இருக்கிறது. பதில் போடு.

அன்புடன்,
ஹெப்சிபா


திருமங்கலம்
9.2.2025

ஹெப்சிபா டீச்சருக்கு,

‘அன்புள்ள’ என்று போடக் கை வரவில்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. கிடைத்த அன்று யூரியா கேட்டவருக்கு பொட்டாஷ் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன், அந்த அளவுக்கு எனக்குத் தலை சுற்றியது. சொல்லிவிட்டு வந்தாராம்! ஏண்டி, நீ தமிழ் டீச்சர்தானே? பின்னால் நடந்து வருகிற ஒருத்தி முன்னால் போகிறவளிடம் “நான் வாரேன்டி” என்றால், பின்னாலேயே வருகிறாள் என்றுதானே அர்த்தம்? பொட்டல் காட்டில், முதுகில் மூட்டையோடு நின்றுகொண்டு யாராவது விடைபெறுவார்களா? இது என்ன கல்யாண வீடா, தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு கிளம்ப?

நீ உன் வீட்டில் போய் உட்கார்ந்த கதை எனக்குத் தெரியும். என் கதை உனக்குத் தெரியாது. படி.

தோப்புக்குப் போய்ச் சேர்ந்ததும் அழகுராஜா அண்ணனிடம் இரண்டு இளநீர் வெட்டச் சொன்னேன். ஒன்றைக் குடித்துவிட்டு இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ வரவில்லை. டென்ட் துணியை விரித்தேன், கம்பி உன்னிடம். போனில் சார்ஜ் இல்லை, பவர் பேங்க் உன்னிடம். மோட்டார் ரூமில் சார்ஜ் போடலாம் என்றால் கரண்ட் சாயங்காலத்துக்கு மேல்தான் வருமாம். உன் நம்பர் எனக்கு மனப்பாடம் கிடையாது. நம் காலத்தில் யாருக்கு யார் நம்பர் மனப்பாடம்?

உன் நடைதானே, மெதுவாக வருவாய் என்று பொறுத்தேன். பிறகு பொறுக்க முடியாமல் பாலத்துக்கே திரும்பி நடந்தேன். அங்கே நீ இல்லை. உன் ஒரு சாக்ஸ் மட்டும் கிடந்தது, ரத்தக் கறையோடு.

அந்தப் பக்கம் பூராவும் மொட்டைக் கிணறுகள் ஹெப்சி. சுவர் கிடையாது, சோளக்காட்டுக்கு நடுவில் கிணறு வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். ஒதுங்கப் போன இடத்தில் கால் தவறியிருப்பாயோ என்று ஒரே ஓட்டமாகத் தோப்புக்கு ஓடினேன். அழகுராஜா அண்ணன் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். பக்கத்துக் காட்டு ஆட்களெல்லாம் டார்ச்சோடு வந்துவிட்டார்கள். ஒவ்வொரு கிணறாக எட்டிப் பார்த்தோம். நான் ஒவ்வொன்றிலும் குனிந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து என் குரல்தான் திரும்ப வந்தது. அண்ணன் யாரிடமோ கயிறு எடுத்து வரச் சொன்னார். கயிறு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கரண்ட் வந்து போன் உயிர் பெற்றதும் ஸ்டீவ் அண்ணனுக்கு அடித்தேன். உன் பெண்டாட்டியைக் காணோம் என்று ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது? நான் வாயைத் திறக்குமுன் அவரே, “ஹெப்சியா? இங்கனதான் தோசை சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. குடுக்கட்டுமா?” என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கயிறு கொண்டுவந்தவர் உட்பட அத்தனை பேரும் கேட்டார்கள்.

என் வீட்டுக்காரர் லோடு வண்டியை விரட்டிக்கொண்டு அந்நேரம்தான் வந்து சேர்ந்தார். டென்ட் துணியைச் சுருட்டி வண்டியில் போட்டார். வீட்டுக்கு வந்த பிறகு சொன்னார்: “தோப்பு வரைக்கும் போனதுக்கே ஊரு பூராம் கிணத்துக்குள்ள எட்டிப் பாத்துச்சு. இமயமலைக்குப் போனா மிலிட்டரிதான் வரணும். போதும் விடு.” இப்போது என் பையில் வெண்டை விதைப் பாக்கெட் போட்டு மதுரைக்குக் கொண்டுபோகிறார். நல்ல பையாம், நிறையப் பிடிக்கிறதாம்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கென்று நான் கேட்டது இந்த இமயமலைப் பயணம் ஒன்றைத்தான். அதை வாங்குவதற்கு எம்புட்டுப் பேசியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். ஒரு தோசைக்கு அதைக் கொடுத்துவிட்டாய்.

திவ்யா


பசுமலை
14 பிப்ரவரி 2025

அன்புள்ள திவ்யாவுக்கு,

நீ போடாவிட்டாலும் நான் ‘அன்புள்ள’ போடுவேன்.

சாக்ஸ் அங்கே விழுந்தது எனக்குத் தெரியாது. கிணறு பற்றி நீ எழுதியதை ஸ்டாஃப் ரூமில் வைத்துப் படித்தேன். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தும் எழுந்திருக்க முடியவில்லை. உன் வீட்டுக்காரர் சிவபாண்டி அண்ணனிடமும் அழகுராஜா அண்ணனிடமும் நானே வந்து மன்னிப்புக் கேட்கிறேன். தோப்புக்கு யாரிடமாவது சொல்லி அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஸ்டீவ் என்னைத் திட்டாத திட்டு இல்லை.

அதற்காக, ‘வாரேன்’ என்பதற்கு உன்னிடம் நான் பாடம் கேட்க முடியாது. நாம் ஒன்றாக இருந்த ஹாஸ்டலில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு “போறேன்டி” என்றால் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “போறேன்னு சொல்லாத, வாரேன்னு சொல்லு” என்று வாசலில் மறித்து நிற்பாய். நான் திருத்திச் சொன்னால்தான் வழி விடுவாய். உன்னிடம் விடைபெறும்போது அன்றிலிருந்து நான் வேறு வார்த்தை சொன்னதில்லை. பாலத்திலும் அதைத்தான் சொன்னேன்.

வார்த்தையை விடு. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?

பார்த்திருந்தால் நான் எந்த ‘வாரேன்’ சொல்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். நான் அழுதுகொண்டிருந்தேன். எழுமலையிலிருந்து உன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன் திவ்யா. கிட்டே வந்துவிடுவேன், உடனே நீ கிளம்பிவிடுவாய். நீ உட்கார்ந்து மூச்சு வாங்கிய நேரமெல்லாம் நான் நடந்துகொண்டே இருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆட்டுப்பட்டியைத் தாண்டி நீ ஸ்டேட்டஸ் வைப்பதற்காக வீடியோ எடுத்தாய். “என்கூட ரெண்டு மூட்டை வருது. ஒண்ணு முதுகுல இருக்கு, இன்னொண்ணு பின்னாடி வருது” என்று சொல்லிச் சிரித்தாய். எனக்குக் கேட்காது என்று நினைத்தாயா, கேட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தாயா, தெரியவில்லை. வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்றைக்குக் கால் எரிந்துகொண்டிருந்தது, சிரிப்பு வரவில்லை. மூட்டைதானே, இறக்கி வைத்தால் அவளுக்கு நிம்மதி என்று நினைத்துத்தான் மினிபஸ்ஸில் ஏறினேன். நீ தேடுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மே மாதப் பயணத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடு. மார்ச் முதல் வாரத்துக்குள் அவர்களுக்கு உறுதி சொல்ல வேண்டும் என்று ஞாபகம். அண்ணனிடம் பேசி நீ போய்விட்டு வா. இந்தக் கோபத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன். என்னால் உனக்கு இனி ஒரு கஷ்டம் வேண்டாம்.

ஹெப்சிபா


திருமங்கலம்
20.2.2025

ஹெப்சி,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கோபம் அடங்கவில்லை. யார்மேல் என்றுதான் குழப்பம்.

அந்த வீடியோவை அழித்துவிட்டேன். எடுத்த அன்றே நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள், என் நாத்தனார் சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறாள். அழித்து என்ன புண்ணியம்? உனக்குக் கேட்டதைத்தான் அழிக்க முடியவில்லை. உனக்குக் கேட்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். கொஞ்சம் வேகமாக நடப்பாய் என்று நினைத்தேன். கூறுகெட்ட நினைப்பு.

நீ வேறு, பெயரை எடுத்துவிடு, நீ போய்விட்டு வா என்று பெரிய மனுஷி மாதிரி எழுதுகிறாய். படித்ததும் நீ எழுதியதைக் கிழித்துப் போடலாமா என்று வந்தது. நீ இல்லாமல் இமயமலையில் எனக்கு என்ன வேலை? பனியைப் பார்க்கவா? நம்மூர் ஐஸ் கம்பெனியில் பார்த்துக்கொள்வேன். இந்த வீட்டைத் தாண்டி எங்காவது நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது உண்மை. உன்னோடு நடக்க வேண்டும் என்பதும் அதில்தானே இருந்தது? கிணற்றுக்குள் குனிந்தபோது இமயமலை ஞாபகமே வரவில்லை. இவள் எனக்குக் கிடைத்துவிட்டால் இனி எங்கேயும் போக மாட்டேன் என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ கிடைத்ததும் உன்னையே பிளாக் செய்தேன். இந்த அழகில் நான் ஒரு மனுஷி.

நேற்று என் வீட்டுக்காரரிடம் பேசினேன். இந்தத் தடவை கேட்கவில்லை, சொன்னேன்.

“மார்ச் ஒண்ணாந் தேதி எழுமலைக்குப் போறோம். தோப்புல தங்கிட்டு வாரோம்.”

“யாரு கூட?”

“ஹெப்சி கூட.”

“அந்த டீச்சரா? திரும்பவுமா?”

“அந்த டீச்சர்தான். அவ வழிமாறிப் போகல. நாந்தான் அவளப் பாக்காம நடந்தேன்.”

எழுந்துபோய் என் பையை எடுத்து வந்தார். பிறகு பையிலிருந்த வெண்டை விதையைக் கொட்டிவிட்டு வாசலில் தட்டி உதறினார். சரி என்று வாயால் சொல்லவில்லை, அதெல்லாம் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. “அழகுராஜாகிட்ட நானே பேசுறேன்” என்றார். எனக்கு அது போதும்.

ஒன்றாம் தேதி சனிக்கிழமை. கால் ஆறியிருந்தால் வா. ஆறவில்லை என்றால் மாதக் கடைசிச் சனிக்கு வைத்துக்கொள்வோம், அதுவரை இமயமலைக்காரர்கள் காத்திருக்கட்டும், காத்திருக்க முடியாது என்றால் அவர்கள் பாட்டுக்குப் போகட்டும். எனக்கு முதலில் எழுமலையிலிருந்து தோப்பு வரை உன்னோடு ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும்.

இந்தத் தடவை நீ முன்னால் நட. எனக்கு வேகம் தாங்காமல் கால் பரபரக்கும், முணுமுணுப்பேன், அதை நீ காதில் போட்டுக்கொள்ளாதே. நீ உட்கார்ந்தால் நானும் உட்காருகிறேன். உன்னால் முடியவில்லை என்றால் பாலத்தோடு நிறுத்திக்கொண்டு இரண்டு பேரும் ஒன்றாக மினிபஸ் ஏறுவோம், உன் வீட்டில் எனக்கும் சேர்த்துத் தோசை ஊற்று.

உன்
திவ்யா