நொச்சிக் குடத்துத் தண்ணீர்

என் அன்பு அக்காவுக்கு,

உன் மகள் கவிதாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். இரத்தம் எடுத்திருக்கிறார்கள், முடிவு மதியத்துக்கு மேல்தான் தெரியுமாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் எழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்பாயே, இன்று அதைவிட மோசம்.

போன மழைக்கு டெங்குதான் உன்னைக் கொண்டுபோனது. "அந்த ஊட்டுல எந்நேரமும் நொச்சி வாசந்தானுங்க, கொசு எப்படி வந்துச்சு?" என்று நம் மலையில் அரியூர் நாட்டு ஊர்களெல்லாம் கேட்டன. சாயங்காலம் நொச்சிப் புகை போடுவாய். பகலுக்கு, ஜன்னலோரக் குடத்தில் நொச்சிக் கொத்து. இலை வாடாமலிருக்கத் தண்ணீர் ஊற்றச் சொன்னவன் நான். "பெரிய விஞ்ஞானிடா நீ" என்று கேலி செய்துகொண்டேதான் ஊற்றினாய்.

நீ போன பிறகும் அந்தக் குடத்தை நான் எடுக்கவில்லை. கொத்து வாடினால் மாற்றுவேன். தண்ணீரை மட்டும் கொட்டமாட்டேன், குறைந்தால் மேலே ஊற்றுவேன். அடியில் கிடப்பது நீ ஊற்றியது என்று ஒரு பைத்தியக்கார எண்ணம்.

கவிதாவின் காய்ச்சலைக் கேள்விப்பட்டு இன்று காலை வீட்டுக்கு வந்த நாமக்கல் நர்சம்மா, கொத்தைத் தூக்கிவிட்டுக் குடத்துக்குள் டார்ச் அடித்தார்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க."

உள்ளே கொசுப்புழு நெளிந்தது.

"நொச்சி இருந்தா கொசு அண்டாதுங்களே?"

"வாசத்துக்குக் கொஞ்ச நேரம் விலகுமுங்க, அவ்வளவுதான். டெங்குக் கொசு இந்த மாதிரித் தண்ணியிலதானுங்க முட்டை வெக்கும். இது எத்தன நாள் தண்ணிங்க?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் கொட்டினேன்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னைக் கடித்த கொசுவும் அந்தக் குடத்தில் பிறந்ததுதானா? நர்சம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. உன்னிடம் கேட்கிறேன், நீயும் சொல்லப்போவதில்லை.

பக்கத்து பெஞ்சில் படுத்திருக்கும் கவிதா சற்றுமுன் கண் விழித்தாள். கிளம்பும்போது குடம் கவிழ்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறாள். "அம்மா கொடத்த யாரு மாமா கொட்டுனது?"

"நான்தான் கண்ணு."

சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உன் கோபம் அப்படியே அவளிடம் இருக்கிறது.

குடத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். நொச்சி இனி வேலியோரம் மண்ணில் நிற்கட்டும். அவள் தேறி எழுந்ததும், தண்ணீர் ஊற்றச் சொன்னது யாரென்று நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன், சத்தியம். பிறகு அவள் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. அவளை மட்டும் இங்கேயே விட்டுவை, அக்கா.

முடிவு சொல்ல, உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.

இலை வாடக்கூடாதென்று நினைத்த
உன் தம்பி