மழைக்கு இறங்காத கோடு

இன்று மதியம் யாரோ கதவைத் திறந்தபோது ஈரமண் வாசனை நம் மின்கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தது. கூடவே எனக்கு எரிச்சலும் வந்தது. மழை என்றாலே இங்கு எல்லோருக்கும் உன் ஞாபகம்தான். நீ இல்லாத இரண்டாவது தீபாவளி வரப்போகிறது, இன்னும் "அவங்க இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பாங்க லா" என்கிறார் மேலாளர், என் முகத்துக்கு நேராகவே.

நம் வேலை அப்படி. மின்சாரத்தைத் தோசை மாதிரி கேட்கக் கேட்கத்தான் சுட வேண்டும். ஜொகூர் மாநிலம் அடுத்து எவ்வளவு கேட்கும் என்று நீயும் நானும் கணித்துச் சொல்வோம். மின்நிலையங்கள் அதன்படி உற்பத்தியை ஏற்றும், இறக்கும். மழை பெய்தால் வீட்டுக்கு வீடு ஏர்கோனை அணைப்பார்கள், தேவை சரியும். நான் ரேடார் படத்தை முறைத்துக்கொண்டிருப்பேன். நீயோ கோத்தா திங்கியிலிருக்கும் உன் அம்மாவுக்குப் போன் போடுவாய். "மா, துணி எடுத்தாச்சா?" கொடித் துணி உள்ளே வந்திருந்தால் மழை, அவ்வளவுதான். "இறக்கச் சொல்லுங்க" என்பாய். திரையில் தேவைக் கோடு உன் பேச்சைக் கேட்டு இறங்கும். எனக்கு வயிறு எரியும்.

நானும் ஒருநாள் சிம்பாங் ரெங்கத்து அத்தைக்குப் போன் போட்டேன். "எடுத்தாச்சு" என்றார். இறக்கச் சொன்னேன். வெயில் கொளுத்தியது, கோடு ஏறியது, நன்றாக ஏச்சு வாங்கினேன். அத்தை டிவி நாடகம் பார்க்க உட்காருமுன் தினமும் துணியை எடுத்துவிடுவாராம்! "அலமாக், அத்தைக்கு நாடகந்தான்டி வானிலை" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இன்றைய கதையைக் கேள். "மழை வருது, இறக்கிடலாம்" என்றார் மேலாளர். "வேணாம் போஸ், ஏறும்" என்றேன். நீ போன பிறகு ஸ்கூடாய் தாமான் குடியிருப்புகளில் கூரைக்குக் கூரை சோலார் பலகை வந்துவிட்டது. வானம் கறுத்தால் பலகைகள் படுத்துவிடும். அத்தனை வீடும் நம்மிடம்தான் கேட்கும். கோடு ஏறியது. அறையே கைதட்டியது.

இன்று நீ தோற்றிருப்பாய். உன்னை நான் ஜெயித்த ஒரே மதியம், பக்கத்து நாற்காலியில் நீ இல்லை. ஒருமுறைகூட என்னிடம் தோற்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாயே, பாவி. அதற்கும் பொறாமைப்படுகிறேன்.

என்ன தோன்றியதோ, உன் அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஆண்ட்டி, துணி எடுத்தாச்சா?"

 "எடுத்துட்டேம்மா" என்றார். "நாளைக்கும் கேளு."

கேட்பேன். இப்போது நீ பொறாமைப்படு.